ஸ்டீயரிங்கை ஒடித்தால் கீச் சத்தம்: ரேக்கை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான். 2015 மாடல் சின்ன கார், 80,000 கிலோமீட்டர் ஓடியது, எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். பார்க்கிங்கில் ஒடிக்கும்போது கீச் கீச் என்று சத்தம் வருகிறது. காலையில் அவ்வளவாக இல்லை, வெயிலில் நிறுத்திவிட்டு மதியம் எடுத்தால் அதிகம். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் "ஸ்டீயரிங் ரேக் போயிடுச்சு, அசெம்பிளியையே மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ரேக் என்பது ஸ்டீயரிங் திருப்புவதை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல்சட்டம். அது தேய்ந்தால் பெரும்பாலும் கீச்சிடாது, தட்டும். குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாகப் போகும்போது கடகடவென்று ஒரு தட்டல் வரும், ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கையிலேயே அது தெரியும். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் வகையாக இருந்தால் ரேக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறைக்குள் ஆயில் கசிந்து தேங்கியிருக்கும். நீங்கள் சொன்னதில் இவை எதுவும் இல்லை. வெயிலில் கூடுகிறது, காலையில் குறைகிறது என்ற ஒரு வரியே என்னை வேறு இடத்துக்குக் கூட்டிப்போகிறது: காருக்குள்ளே இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக். அது உறுதியாகும் வரை பெரிய செலவு எதற்கும் சரி என்று சொல்லாதீர்கள்.

நான் 20 வருஷத்துக்கு மேலாக ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் வேலை பார்ப்பவன். இந்த ஒரு சத்தத்தில் ஏமாறுவது ரொம்பச் சுலபம், நானும் ஏமாந்திருக்கிறேன். காரணம் தெரிய வேண்டுமென்றால் ஸ்டீயரிங் வீலிலிருந்து டயர் வரைக்கும் என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை மனசில் ஓட்டிப் பாருங்கள்.

வீலுக்குப் பின்னால் ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் கரண்ட் கொண்டுபோகும் ஸ்பைரல் கேபிள். அந்த இடத்தை மூடியபடி மேலும் கீழுமாக இரண்டு பிளாஸ்டிக் கவர். உள்ளே ஸ்டீயரிங் தண்டு, அதைத் தாங்கும் பேரிங். சின்ன கார்கள் பலவற்றில் பவர் ஸ்டீயரிங் மோட்டாரும் அங்கேதான், டேஷ்போர்டுக்குக் கீழே தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்டின் கீழ்முனையில் ஒரு கிராஸ் ஜாயிண்ட் (கோணத்தில் மடங்கியபடியே சுற்றும் இணைப்பு), அடுத்து ஒரு குட்டித் தண்டு, இன்னொரு கிராஸ் ஜாயிண்ட். பெடல்களுக்குப் பக்கத்தில் தகட்டைத் துளைத்துக்கொண்டு அந்தத் தண்டு வெளியே போகும் ஓட்டையில் ஒரு ரப்பர் உறை, அதைத்தான் பூட் என்போம். வெளியே ரேக், அதன் இரு முனையிலும் சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் கம்பியான டை ராட். சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் நுனியில் பால் ஜாயிண்ட், குழிக்குள் குண்டு சுழலும் இணைப்பு. மேலே, பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் தெரியும் ஸ்ட்ரட் மவுண்ட், ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பிடித்திருப்பது. நீங்கள் வீலை ஒரு சாண் திருப்பினால் இத்தனையும் ஒரே நேரத்தில் அசைகின்றன. எல்லாம் இரும்பால் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்டவை, சத்தம் ஓரிடத்தில் பிறந்து இன்னோர் இடத்தில் கேட்கும். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாச் சத்தமுமே ஸ்டீயரிங்கிலிருந்து வருவது போலத்தான் இருக்கும்.

நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வண்டிக்கும் அது பொருந்தலாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். "தம்பி, வீட்டு வாசல்ல வண்டியைத் திருப்பினாலே பேத்தி காதைப் பொத்திக்கிறா" என்றார். என்னிடம் வேலை பார்க்கும் பையனை வீலில் உட்கார வைத்து ஒடிக்கச் சொல்லி நான் வெளியே நின்று கேட்டேன். வலது முன்சக்கரத்துக்கு மேலே இருந்து வருவது போல் கேட்டது. "ஸ்ட்ரட் மவுண்ட்தான் சார்" என்று சொல்லி இரண்டு பக்கமும் மாற்றிக்கொடுத்தேன். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம், சத்தமே இல்லை. மறுநாள் மத்தியானம் அவர் ஷெட்டுக்குள் வளைத்துத் திருப்பி வண்டியை நிறுத்தும்போதே கேட்டுவிட்டது, அதே கீச்.

அன்று வேறு எந்த வண்டியையும் தொடவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, முதுகு தரைமேட்டில் படும்படி படுத்து, தலையை பிரேக் பெடலுக்குக் கீழே கொண்டுபோய், டார்ச் அடித்துப் பார்த்தேன். பையன் மெதுவாக ஒடித்தான். தண்டு தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் பூட்டின் உதடு தண்டைக் கவ்விப் பிடித்திருந்தது. தண்டு திரும்பத் திரும்ப உதடும் கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொண்டு போனது, பிறகு சட்டென்று நழுவித் தன் இடத்துக்கு வந்தது. ஒவ்வொரு நழுவலுக்கும் ஒரு கீச். விரலைத் தண்ணீரில் தொட்டு அந்த உதட்டைச் சுற்றித் தடவினேன். நாலு ஒடிப்புக்குச் சத்தம் இல்லை, ஈரம் காய்ந்ததும் திரும்ப வந்தது. பட்டாணி அளவு சிலிகான் கிரீஸோடு வேலை முடிந்தது. கழற்றிப் போட்ட பழைய மவுண்ட் இரண்டையும் எடுத்துப் பார்த்தேன், பேரிங் வெண்ணெய் மாதிரி சுற்றியது. மவுண்ட் காசையும் கூலியையும் சாரிடம் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இடத்தைக் கண்ணால் பார்க்காமல், கையால் உணராமல் எந்தச் சாமானையும் மாற்றச் சொல்வதில்லை.

பலூனை உலர்ந்த கையால் தேய்த்தால் வருமே, அதே சங்கதிதான் இது. ரப்பர் ஒட்டும், இழுபடும், விடும், மறுபடி ஒட்டும். கம்பெனியில் பூசிய கிரீஸ் சில வருஷத்தில் காய்ந்து தூசியோடு சேர்ந்து போய்விடுகிறது. வெயிலில் பூட்டிய கார் அடுப்பு மாதிரி சூடாவதால் ரப்பரின் பிடி மாறுகிறது, பிளாஸ்டிக் விரிகிறது. உங்கள் மதியச் சத்தத்துக்கு அதனால்தான் உள்பக்கத்தைச் சந்தேகிக்கிறேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? கூட ஓர் ஆள் வேண்டும், அமைதியான இடம் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஏசி, பாட்டு, ஃபேன் எல்லாவற்றையும் அணையுங்கள்.

முதலில் வண்டி ஓடாமல் நிற்கும்போது சத்தம் வருகிறதா என்று பாருங்கள். நின்ற இடத்தில் ஒடித்தால் வரவில்லை, உருண்டால்தான் வருகிறது என்றால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு வீல் பேரிங், பிரேக் பேடு, டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அந்தத் தகட்டுக்குள் ஒரு சின்னக் கல் மாட்டினாலே காதைக் கிழிக்கும். அபார்ட்மெண்ட், மால் அடித்தளப் பார்க்கிங்கில் பெயிண்ட் அடித்த வழுவழுத் தரையில் மட்டும் கீச்சிட்டால் அது டயர் சத்தம், வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. தெருவில் வந்து ஒடித்துப் பாருங்கள், இருக்காது.

அடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஒரு படி திருப்பி ஸ்டீயரிங் லாக்கை மட்டும் விடுவித்து, இடதும் வலதுமாகக் கொஞ்சம் கொஞ்சம் அசையுங்கள். பவர் இல்லாததால் கனமாக இருக்கும், பலம் காட்ட வேண்டாம், அரைச் சாண் போதும். அப்போதும் கீச் வந்தால் மோட்டார், ஹைட்ராலிக் வகை என்றால் பெல்ட், ஆயில் பம்ப், மூன்றும் பெரும்பாலும் விசாரணையிலிருந்து விடுபட்டன. இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால் அந்த மூன்றில்தான் முதலில் தேட வேண்டும்.

மூன்றாவது சோதனைதான் நான் அதிகம் நம்புவது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் ஒடிக்க வேண்டும். சத்தம் அப்படியே இருந்தால் பளுவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஸ்பைரல் கேபிள், பிளாஸ்டிக் கவர், தண்டு, பூட் இவற்றில் ஒன்று. சக்கரம் தொங்கியதும் சத்தம் மறைந்துவிட்டால் வண்டியின் பாரம் ஏறும் இடங்கள்தான் காரணம்: ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங், பால் ஜாயிண்ட். வீட்டில் ஸ்டாண்ட் இல்லையென்றால் இதைச் செய்யாதீர்கள். டயர் மாற்ற வண்டியோடு வரும் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் தலையோ கையோ விடக்கூடாது. வழுக்கி இறங்கிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு கையும் காதும். ஒருவர் ஒடிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மவுண்ட்டின் மேல் விரல்நுனி வைத்துப் பாருங்கள். பெடல் பக்கம் குனிந்து காதைக் கொடுங்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைச் சந்தேகப்படும் இடத்தில் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்தினால் டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது மாதிரி கேட்கும். இன்ஜின் ஓடும்போது பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள்.

இடம் தெரிந்தபின் வேலை. உங்கள் வண்டியில் அதிக வாய்ப்புள்ளதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பெடலுக்குப் பக்கத்து ரப்பர் பூட் என்றால், முதலில் ஈரத்துணியால் உதட்டையும் தண்டையும் துடைத்து அழுக்கை எடுங்கள். ஐஸ்கிரீம் குச்சி போல மழுங்கிய எதையாவது வைத்து உதட்டை லேசாக விலக்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியில் சிலிகான் கிரீஸ் தொட்டு உள்பக்கம் சுற்றிலும் பூசுங்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஐந்தாறு தடவை ஒடித்துவிட்டு, பிதுங்கியதைத் துடைத்தெடுங்கள். ஸ்பிரே அடிக்க வேண்டாம். ஸ்பிரே பெடல் மேல் படிந்தால் பிரேக் மிதிக்கும்போது கால் வழுக்கும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ், இன்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. இந்த மாதிரி இடங்களில் வரும் ரப்பர்கள் பல, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்து, மெத்தென்று ஆகி, ஒரு வருஷத்தில் கிழிந்துவிடும். கிழிந்தால் மழைத்தண்ணீர் காருக்குள் வரும். டபிள்யூடி-40 பலர் கையில் இருக்கும் டப்பா. அது துருப்பிடித்த போல்ட்டை இளக்க நல்லது. கீச்சுக்கு அடித்தால் சில நாள் அமைதி கிடைக்கும், பிறகு இருந்த கிரீஸையும் கரைத்துக் கொண்டுபோயிருக்கும்.

பிளாஸ்டிக் கவர் உரசினால் கண்டுபிடிப்பது சுலபம். ஒடிக்கும்போது கவரை உள்ளங்கையால் ஒரு பக்கமாக அழுத்துங்கள், சத்தம் மாறும் அல்லது நிற்கும். அலாரம், ரிவர்ஸ் கேமரா, ஸ்டீரியோ என்று ஏதாவது மாட்டியவர்கள் அந்தக் கவரைக் கழற்றியிருப்பார்கள், திரும்ப மாட்டும்போது கொக்கி ஒன்று உட்காராமல் இருக்கும். கீழ்ப்பக்கம் இருக்கும் இரண்டு மூன்று ஸ்டார் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கவரைச் சரியாக உட்கார வைத்து மறுபடி முறுக்கினாலே பல வண்டிகளில் தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் உரசும் விளிம்பில் மெல்லிய ஃபெல்ட் டேப் ஒட்டலாம். வெளியில் வாங்கி மாட்டிய ஸ்டீயரிங் கவரையும் ஒருமுறை கழற்றிவிட்டு ஒடித்துப் பாருங்கள். தளர்ந்த கவர் உள்ளிருக்கும் வீலோடு உரசி, கையைத் திருகும்போதெல்லாம் முனகும். அப்படித் தளர்ந்த கவர் ஆபத்தும்கூட, அவசரத்தில் ஒடிக்கும்போது கையோடு கவர் மட்டும் சுற்றும்.

ஸ்பைரல் கேபிளின் சத்தம் வேறு மாதிரி. கீச்சை விட, காகிதத்தைக் கசக்குவது போல 'சரசர' என்று இருக்கும், ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்தே வரும். உள்ளே பட்டையான ஒயர் நாடா ஒன்று வாட்ச் ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கிறது, ஒடிக்கும்போது ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்கிறது. தூசி புகுந்தாலோ நாடா மடிந்தாலோ உரசும். கூடவே ஹாரன் சில நேரம் அடிப்பதில்லை, மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது என்றால் நாடா அறுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள், விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். இதற்கு கிரீஸ் வைத்தியம் கிடையாது, புதுசு மாட்ட வேண்டும். இதை நீங்களே செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏர்பேக்கைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், உள்ளே மிச்சமிருக்கும் சார்ஜ் இறங்க வேண்டும். காத்திருக்கும் நேரம் மாடலுக்கு மாடல் மாறும். நான் அவசரம் இல்லாத நாளில் 10 நிமிடம் விட்டுவிடுவேன். கழற்றிய ஏர்பேக்கைத் பை விரியும் முகம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும், அதன் கனெக்டரில் கரண்ட் அளக்கும் மீட்டரை வைத்துச் சோதிக்கக் கூடாது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் விரியும் வெடி அது. இந்தியாவில் 2019 ஜூலை முதல்தான் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது. 2015 மாடலில் அடிப்படை வேரியண்ட் என்றால் உங்கள் வண்டியில் அது இல்லாமலும் இருக்கலாம். ஸ்டீயரிங் நடுவில் 'ஏர்பேக்' என்றோ 'எஸ்ஆர்எஸ்' என்றோ எழுத்து பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதுவரை சொன்னவற்றில் கேபிளையும் தளர்ந்த ஸ்டீயரிங் கவரையும் தவிர மற்றவை காதுக்குத்தான் தொந்தரவு. இனி வருபவை உயிரோடு விளையாடுபவை. சத்தத்தோடு சேர்ந்து ஸ்டீயரிங் எங்காவது பிடிக்கிறதா, திருப்பம் முடிந்து கையைத் தளர்த்தினால் தானாக நேருக்கு வருகிறதா என்பதை வைத்தே நான் இரண்டையும் பிரிப்பது. சத்தம் மட்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கலாம். பிடிப்பும் சேர்ந்திருந்தால் அன்றே மெக்கானிக்கிடம் கொண்டுபோய்விட வேண்டும்.

கிராஸ் ஜாயிண்ட் துருப்பிடித்தால் அப்படிப் பிடிக்கும். ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் இறுகி இரண்டு இடத்தில் லேசாகும், எத்தனை முறை சுற்றினாலும் அதே இடங்களில். மழைக்காலம் முடிந்தபின் இந்தப் புகாரோடு வரும் வண்டிகள் உண்டு, அதிலும் கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டவை. எண்ணெய் விட்டால் இளகும், இளகியதும் மறந்துவிடுவோம், அதற்குள் துரு ஊசி பேரிங்கைத் தின்றிருக்கும். குட்டித் தண்டோடு சேர்த்து மாற்றுவதுதான் முறை. மாற்றும்போது ஒரு எச்சரிக்கை: முன்சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும், ஸ்டீயரிங் வீலை சீட் பெல்ட்டால் கட்டியாவது அசையாமல் வைக்க வேண்டும். தண்டு கழன்ற நிலையில் யாராவது வீலைச் சுற்றிவிட்டால் மேலே ஸ்பைரல் கேபிள் அறுந்துவிடும். ஒரு சத்தத்துக்காகப் போய் இன்னொரு செலவோடு திரும்புவது பல நேரம் இப்படித்தான்.

ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் இறுகினால் ஸ்பிரிங் சக்கரத்தோடு சேர்ந்து சுற்ற முடியாமல் முறுக்கேறும், ஒரு கட்டத்தில் 'டொய்ங்' என்று விடுபடும். நின்ற இடத்தில் ஒடிக்கும்போது ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால் அந்தத் துள்ளல் தெரியும். வளையங்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள். கீச், டொய்ங், கூடவே ஸ்டீயரிங் நேருக்கு வராமல் ஒரு பக்கமே நிற்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் இதுவேதான். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் நட்டைக் கழற்றுவது தற்கொலை முயற்சி, அதனால் வீட்டு வேலை இல்லை. மாற்றியபின் அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும்.

பால் ஜாயிண்ட் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அதன் ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கழுவிவிடும், இரும்புக் குண்டு தன் குழியில் உலர்ந்து உரசும். பழைய மரக்கதவு திறப்பது போல நீளமான 'க்ரீ...ச்' வரும். வாட்டர் சர்வீஸ் விட்டு வந்த அன்று சத்தம் மறைந்து, இரண்டு நாளில் இன்னும் மோசமாகத் திரும்பினால் இங்கே முதலில் பாருங்கள். சில மெக்கானிக்குகள் ஊசி வைத்து ரப்பருக்குள் கிரீஸ் ஏற்றுவார்கள். சத்தம் அங்கிருந்துதான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள அது நல்ல வழி. அதையே ரிப்பேர் என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தேய்ந்த பால் ஜாயிண்ட் ஓடும்போது கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிவிடும், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் இருந்தும் பயனில்லை.

இங்கே வாட்டர் சர்வீஸ் ஷெட்டுகள் பற்றி ஒரு வார்த்தை. "அடியில ஆயில் அடிக்கட்டுமா சார், சத்தம் போயிடும்" என்று கேட்பார்கள். டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ கலந்து அடிப்பார்கள். ஒரு வாரம் வண்டி அமைதியாக இருக்கும். லோயர் ஆர்ம் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம்), திருப்பத்தில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ், மவுண்ட் ரப்பர் எல்லாம் அந்த எண்ணெயைக் குடித்து ஊறும். அடுத்த வருஷம் ஒவ்வொன்றாகக் கிழியும்போது அன்று ஆயிலுக்குக் கொடுத்த காசு நினைவுக்கு வராது. வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒடிக்கும்போது மட்டுமல்லாமல் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போதும் கீச் வருகிறது என்றால் அந்த ஸ்டெபிலைசர் புஷ்தான் பெரும்பாலும் காரணம், மலிவான சாமான், மாற்றிவிடலாம்.

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது முழுக்க ஒடித்ததும் நீளமாகக் கிறீச்சிட்டால் பெல்ட். இன்ஜின் ஓடும்போது எட்ட நின்று பெல்ட்டின் பல் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுங்கள். சத்தம் கூடினால் டென்ஷன் தளர்ந்திருக்கிறது. சற்று நின்று மறுபடி வந்தால் பெல்ட் தேய்ந்திருக்கிறது அல்லது பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி கோணலாக இருக்கிறது. பெல்ட்டுக்குச் சோப்பு தேய்ப்பது, பவுடர் போடுவது எல்லாம் வேண்டாம். சத்தம் 'ஊ...ம்' என்ற முனகலாக இருந்தால் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். அளவு குறைந்திருக்கும் அல்லது நுரைத்திருக்கும். மூடியில் எழுதியிருக்கும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள், பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் கெட்டுப்போகும். குறைந்தது எங்கே போனது என்றும் தேடுங்கள், ஆயில் ஆவியாவதில்லை, கசிகிறது. முழுக்க ஒடித்த நிலையில் வரும் 'ஸ்ஸ்' சத்தம் இயல்பானது. அப்படியே 5 நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள், பம்ப் சூடாகிவிடும்.

இனி உங்கள் வண்டிக்கு. நாளை மதியம் வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு, சத்தம் நன்றாக வரும் நேரத்திலேயே சோதியுங்கள், காலையில் சோதித்து ஏமாறாதீர்கள். இன்ஜினை அணைத்துக் கொஞ்சம் ஒடித்துப் பாருங்கள். கவரை அழுத்திப் பாருங்கள். பிறகு பெடல் பக்கம் குனிந்து பூட்டின் உதட்டை ஈரவிரலால் தடவிப் பாருங்கள். அங்கேயே முடிந்துவிடும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். கிரீஸ் பூசியபின் காலி ரோட்டில் ஓட்டி, இரு பக்கமும் திருப்பி, ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருகிறதா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முடியவில்லை, ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும் என்றால் ஜாப் கார்டில் 'ஸ்டீயரிங் சத்தம்' என்று இரண்டு வார்த்தையில் எழுத விடாதீர்கள். 'நின்ற இடத்தில் ஒடிக்கும்போது கீச், இன்ஜின் அணைத்தாலும் வருகிறது, வெயிலில் அதிகம், ஸ்டீயரிங்கில் பிடிப்பு இல்லை' என்று நீங்கள் கண்டதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். ரேக் மாற்ற வேண்டும் என்றே சொன்னால், வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, டை ராடைப் பிடித்து ஆட்டி, ரேக்கில் எந்த இடத்தில் ஆட்டம் இருக்கிறது என்று உங்கள் கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் மாற்றுங்கள்.